அடுப்படியிலிருந்து வாசலுக்கு இருபத்தாறு காலடி

கையில் கறுப்பு மார்க்கர். முதுகுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது, முப்பத்தைந்து பேர். எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். வாயோ திறக்க மாட்டேன் என்கிறது.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும், சவரிமுத்து மேஸ்திரிக்குப் பேச்சு நின்றதாகச் சரித்திரமே கிடையாது. ஆபீசரிடம் பேசியிருக்கிறேன். கோர்ட்டில் பேசியிருக்கிறேன். கான்கிரீட் போடுகிற அன்று மேகம் திரண்டபோது மழையிடமே பேசியிருக்கிறேன். அரை மணி நேரம் தள்ளித்தான் பெய்தது.

அப்படிப்பட்ட என் வாயை மூன்று பக்கச் சிறுகதை ஒன்று அடைத்துவிட்டது. மைசூர் விஜயநகரில், நானே கட்டிய கட்டடத்தின் மாடி ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அந்தக் கதையை எழுதியது யார் என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மனைவி பிலோமினா. இதை ஒளித்துவைத்துக் கடைசியில் அவிழ்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை. அஸ்திவாரத்தை யாரும் மொட்டை மாடியில் போடுவதில்லை.

அன்று ஹாலில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் ரெஜினா டீச்சரும். தீர்ப்புச் சொல்ல எழுந்த எனக்குத் தெரியாது.

மூடிய கவர்

அந்த ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ் வாசகர் கூட்டம் நடக்கும். ஹால் என்னுடையது. ஃபேன் என்னுடையது. நாற்காலிகள் என்னுடையவை. இலக்கியம் மட்டும் அவர்களுடையது.

நடத்துபவர் ரெஜினா டீச்சர். ரிடையர் ஆன ஹைஸ்கூல் டீச்சர். மைசூரில் நம் பிள்ளைகள் கன்னடத்தில் கனவு காண்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர் பத்துப் பேர் இருந்தால் அதில் ஒன்பது பேருக்கு வெட்கம். முதல் கதையிலேயே எவராவது சிரித்துவிட்டால் அந்த ஆள் அப்புறம் பேனாவைத் தொடுவதில்லை.

அதனால் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். கதையை அவரிடம் ரகசியமாகக் கொடுக்க வேண்டும். கையெழுத்து தெரியாமலிருக்க அவரே டைப் செய்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எழுதியவர் பெயர் ஒட்டிய கவருக்குள் இருக்கும். கதையைப் பற்றிப் பேசுவது யார் என்று சீட்டுக் குலுக்குவார்கள். பேசுகிறவர் கடைசியில் பாஸ் அல்லது ஃபெயில் என்று சொல்ல வேண்டும். பாஸ் என்றால் கவரைப் பிரித்துப் பெயரைப் படிப்பார்கள், கதை ஆண்டு மலரில் வரும். ஃபெயில் என்றால் கவர் பிரிக்காமலே திரும்பிப் போகும். எழுதியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் அங்கே சும்மா இருந்தவன்தான். வம்புக்கு இழுத்தவர் வரதன் சார். பேங்க் மேனேஜராக இருந்தவர், மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். எந்தக் கதையைக் கொடுத்தாலும் "குறியீடு" என்பார். கதையில் குடை வந்தால் குடை இல்லையாம், அப்பாவாம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன். "சார், கதையும் கட்டடமும் ஒண்ணுதான். பார்த்த உடனே விரிசல் எங்கேன்னு நான் சொல்லிடுவேன்."

"அப்படின்னா ஒரு மாசம் சொல்லுங்கோளேன், மேஸ்திரி. கேக்கறோம்."

என் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டார்கள். முதல் குலுக்கலிலேயே வந்தது.

என் பெயரை டீச்சர் படித்தபோது பிலோமினா பின்வரிசையில் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக அந்தக் கூட்டத்தில் அவள் வேலை அதுதான். வரதன் சாரின் வெள்ளைச் சட்டை மேல் ஒரு கப் அப்படியே கவிழ்ந்தது. எனக்காகப் பதறுகிறாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வண்டியில் வீட்டுக்கு வரும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "ஏனுங்க, இந்த மாசம் வேண்டாமே. அடுத்த மாசம் பேசிக்கலாமல்ல?"

"ஏன்? எனக்குத் தெரியாதுங்கிறியா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"அப்புறம் இந்த மாசக் கதைக்கு என்ன கேடு?"

காபி பிளாஸ்க்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படித்தவள் அவள், கேட்டவன் நான்

எங்கள் சொந்த ஊரான மார்டள்ளியில் வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், சண்டையிலும் தமிழ். பள்ளிக்கூடத்தில் மட்டும் கன்னட எழுத்து. அதையும் நான் மூன்றாம் வகுப்போடு மூட்டை கட்டிவிட்டேன். தமிழ் எழுத்தைப் பஸ் போர்டு பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். அதனால் பஸ் போர்டு அளவுக்கு எழுதியிருந்தால் வேகமாகப் படிப்பேன். இந்தத் தொடரைக்கூட நான் சொல்கிறேன், எழுதுவது பிலோமினா. அவள் எஸ்.எஸ்.எல்.சி. தமிழைக் கோயில் பாட்டுப் புத்தகத்தில் கற்றவள்.

"கண்ணாடி பவர் மாறிடுச்சு, நீயே படி" என்று கதை வந்திருந்த போனை நீட்டினேன். பத்து வருடமாக மாறிக்கொண்டே இருக்கிற பவர் அது.

வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். தன் கதையைத் தானே எனக்குப் படித்துக் காட்டினாள்.

கதை இதுதான். பெரிய வீட்டில் ஒரு பெண்பிள்ளை. வயதானவள். பிள்ளைகள் வெளியூரில். தினமும் மதியம் மூன்று மணிக்கு அவள் காய்கறிப் பையோடு வாசலுக்குப் போய், கதவைச் சாத்தி, வெளியே நின்று தன் வீட்டு காலிங் பெல்லைத் தானே அழுத்துகிறாள். உள்ளே குருவி கத்துகிற சத்தம். உடனே கதவைத் திறந்து உள்ளே ஓடி, அடுப்படிக்குப் போய்க் கையைத் துடைத்துக்கொண்டு "யாரு?" என்கிறாள். பிறகு நிதானமாக நடந்து வந்து கதவைத் திறக்கிறாள். யாரும் இல்லை. வாசலில் ஒரு ஜோடி பத்தாம் நம்பர் செருப்பு, வெளியே பார்த்தபடி கிடக்கிறது. அவள் அந்தச் செருப்பைப் பார்த்து, "பரவால்ல, உள்ள வாங்க" என்கிறாள். கதை முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதானுங்க."

"கரண்டை வேஸ்ட் பண்றா."

பிலோமினா போனை மூடவில்லை. "அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லீங்களே. தனியா இருக்கிறா."

"பெரிய வீடு இருக்குது, காலிங் பெல் இருக்குது, அதுல குருவி வேற கத்துது. இன்னும் என்ன குறை? வேலை இல்லைனா இப்படித்தான் புத்தி போகும்."

"அந்தச் செருப்பு யாருதா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"யாரோ மறந்துட்டுப் போனது. அதுவும் தப்பு. வீட்டுக்குள்ள வர்றவன் செருப்பு உள்ளதானே பார்த்திருக்கும்? வெளியே பார்த்து எப்படிக் கிடக்கும்? எழுதின ஆளுக்கு அதுகூடத் தெரியலை. பேப்பர் எடு, குறைகளை எழுது."

எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். மொத்தம் பன்னிரண்டு குறை. பன்னிரண்டையும் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதி, மடித்து, என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

"அப்ப ஃபெயிலுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பின்னே?"

ஆடு தின்ற பிளான்

இந்த இடத்தில் என் திறமை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது உங்களுக்குப் புரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாக இருந்தால் அது என் குற்றமல்ல.

இன்ஜினியர்கள் பிளானைக் கண்ணால் பார்த்துக் கட்டுவார்கள். நான் காதால் கேட்டுக் கட்டுவேன். விஜயநகரில் லே-அவுட் போட்ட புதிதில் ஒரு மாட்டு டாக்டருக்கு வீடு கட்டினேன். அவருடைய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்த ஒரு ஆடு பிளானை முழுசாகத் தின்றுவிட்டது. மறுநாள் பூஜை. டாக்டர் போனில் கன்னடத்தில் புலம்பினார். "அழாதீங்க சார். காலையில எழுந்து பல் விளக்குறதுலேர்ந்து தூங்கப் போற வரைக்கும் உங்க வீட்டுல யாரு எங்க நடப்பாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்ல மண்ணில் குச்சியால் கோடு போட்டேன்.

அதே வீடு இன்றும் நிற்கிறது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று, நான் இடது கைக்காரன். வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, கரணையை வலது கையில் பிடிக்கச் சொல்லி விரல் முட்டியில் மட்டக்கோலால் தட்டுவார். அவர் தட்டத் தட்ட என் இடது கை பலமானது. ஊரார் வீடுகளில் சுவிட்சை வலது பக்கம் வைத்தாலும், என் சொந்த வீட்டில் எல்லாம் என் கைக்கு ஏற்றபடிதான்.

பலகையில் எழும்பிய வீடு

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

பன்னிரண்டு குறையையும் படித்தால் சப்பென்று இருக்கும். வரதன் சார் முன்னால் ஒரு வித்தை காட்ட வேண்டும் என்று தோன்றியது. கதையில் வருகிற வீட்டைப் பலகையில் வரைகிறேன், அப்படி ஒரு வீடு உலகத்திலேயே இருக்க முடியாது என்று நிரூபிக்கிறேன், வீடே பொய் என்றால் கதையும் பொய், ஃபெயில். இதுதான் திட்டம்.

"டீச்சர், அந்த நடக்கிற இடத்தை நிறுத்தி நிறுத்திப் படிங்க" என்றேன்.

டீச்சர் ஒரு நிமிடம் பின்வரிசையைப் பார்த்தார். பிறகு படித்தார். "அடுப்படியிலிருந்து வாசலுக்கு இருபத்தாறு காலடி."

"பொம்பளை காலடி ஒண்ணே முக்கால் அடி. இருபத்தாறுக்கு நாற்பத்தஞ்சரை அடி. நாற்பதுக்கு அறுபது சைட்டுல முன்னாலயும் பின்னாலயும் இடம் விட்டா, அடுப்படியிலேர்ந்து நேரா வாசலுக்கு முப்பது அடி தாண்டாது. முதல் பொய்!"

கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

டீச்சர் தொடர்ந்தார். "நடுவில் ஒரு மூடிய அறை. அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்."

"ஹாலுக்கு நடுவுல ரூமா? எவனாவது கட்டுவானா? கட்டினவன் வேலை தெரியாத ஆளு, அவனை என்கிட்ட ஒரு வாரம் அனுப்புங்க!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. வரதன் சார் எழுந்தார். "மேஸ்திரி, அது குறியீடு. மூடின அறைன்னா மனசு."

"மனசு இல்லீங்க சார். பத்துக்குப் பன்னெண்டு" என்று சொல்லிக்கொண்டே பலகையில் அந்த அறையை வரைந்தேன்.

"பத்துக்குப் பன்னெண்டா? கதையில அளவே இல்லையே. உமக்கு எப்படித் தெரியும்?"

கதையில் அளவு இல்லைதான். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, கை தானாக வரைந்துவிட்டது.

இதற்குள் டீச்சர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். "வலது கையில் காய்கறிப் பை. இடது கையால் பெல்லை அழுத்தினாள். அந்த வீட்டில் பெல் இடது பக்கம்தான்."

மார்க்கர் பிடித்த என் இடது கை, வாசலுக்கு இடது பக்கம் ஒரு புள்ளி வைத்தது.

இரண்டடி பின்னால் போய்ப் பலகையைப் பார்த்தேன். நான் வரைந்து முடித்திருந்தது என் வீடு.

நடுவில் அந்த அறை, பார்ட்டிகள் வந்தால் பேசுவதற்கு நான் கட்டிக்கொண்ட ஆபீஸ் ரூம். பத்துக்குப் பன்னிரண்டு. அப்போதே பிலோமினா, "ஏனுங்க, அடுப்படியில இருந்தா வாசல் தெரியாதுங்களே" என்றாள். "வாசல்ல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டவன் நான்.

பத்தாம் நம்பர்

அப்போதுதான் வாய் அடைத்தது. ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த இடம்.

பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹால் வாசலைப் பார்த்தேன். முப்பது ஜோடி செருப்பு. எல்லாம் உள்ளே பார்த்துக் கிடந்தன. ஒரே ஒரு ஜோடி மட்டும் வெளியே பார்த்து, எப்போது கிளம்பலாம் என்பதுபோல. அது என்னுடையது. சைட்டில் பழகிய பழக்கம். கழற்றும்போதே திருப்பிப் போட்டால், காலை நுழைத்தவுடன் ஓடலாம். நாற்பது வருடமாக வீட்டிலும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சமாளிக்கலாம் என்று சட்டைப் பையிலிருந்து குறைப் பட்டியலை எடுத்தேன். மணி மணியான எழுத்து. ஆறாவது குறை: "இந்தப் பெண்பிள்ளைக்கு வேலை வெட்டி இல்லை." எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படித்தேன். படித்து முடிக்க அன்று எனக்கு நிறைய நேரம் பிடித்தது.

பிலோமினா பின்வரிசையில், காபி பிளாஸ்க் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் டம்ளருக்கு அடியில் இருந்த கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கணக்குப் போடுகிற ஆள். ஃபெயில் என்று ஒரு வார்த்தை சொன்னால் கவர் பிரிக்காமல் திரும்பிப் போகும், பத்தாம் நம்பர் செருப்பு யாருடையது என்று மைசூரில் எவருக்கும் தெரியாது, சவரிமுத்து மேஸ்திரி சவரிமுத்து மேஸ்திரியாகவே வீட்டுக்குப் போகலாம். அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். காபி கொடுத்துக்கொண்டிருப்பாள்.

பாஸ் என்றால் என் கதை கந்தல்.

உண்மையைச் சொல்கிறேன், ஃபெயில் என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"மேஸ்திரி, விரிசல் எங்கேன்னு சொல்றேன்னேளே?" என்றார் வரதன் சார்.

"கதையில விரிசல் இல்லீங்க சார். வீட்டுலதான்" என்றேன். "வீட்டைக் கட்டினது நான்."

ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல ஃபேன், சத்தமே வராது. அன்றைக்கு வந்தது.

"அப்போ அந்தச் செருப்பு?"

"பத்தாம் நம்பர். வாசல்ல கிடக்குது, போய்ப் பாருங்க. குறியீடெல்லாம் இல்லை, ரப்பர்."

முப்பது தலையும் ஒன்றாகத் திரும்பியது.

"கதை பாஸ்" என்றேன். ஒரு விஷயம் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. "மற்ற வீடெல்லாம் நான் நல்லாத்தான் கட்டியிருக்கேன். அதையும் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்."

ரெஜினா டீச்சர் கவரைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "சி. பிலோமினா, மார்டள்ளி."

'சி' அவளுடைய அப்பா சின்னப்பன். என் இனிஷியலை அதில் தேடினேன். இல்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் அவள் வழக்கம்போல் காபி ஊற்ற எழுந்தாள். டீச்சர் விடவில்லை. "நீங்க உட்காருங்கம்மா. இன்னைக்கு வேற யாராவது கொடுப்பாங்க." பிறகு என்னைப் பார்த்தார்.

நான் கொடுத்தேன். எனக்கு அந்த வேலை பழக்கமில்லை. வரதன் சார் அன்று போட்டிருந்தது புதுச் சட்டை.

குருவிச் சத்தம்

மறுநாள் சைட்டில் வேலையாட்களை விட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அந்த நேரத்தில் என் வீட்டு வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்றே எனக்குத் தெரியாது. அன்றுதான் பார்த்தேன். இடது பக்கம், பெல் மேல்.

சாவி என்னிடம் இருக்கிறது. அதைப் பையிலேயே விட்டேன். செருப்பைக் கழற்றினேன். கால் பழக்கத்தில் திருப்பிப் போட்டது. குனிந்து, கையால் எடுத்து, உள்ளே பார்க்கிறபடி வைத்தேன். பிறகு பெல்லை அழுத்தினேன். சொந்த வீட்டு பெல்லை அழுத்துவது அதுதான் முதல் தடவை. குருவி நன்றாகவே கத்துகிறது.

உள்ளே தூரத்திலிருந்து குரல். "யாரு?"

இதற்கு என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "மேஸ்திரி வந்திருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"அவரு வீட்டுல இல்லீங்களே. வெளியே போயிருக்கிறாரு."

"எப்ப வருவாரு?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? நானும் நாற்பது வருசமா அதைத்தான் கேட்டுட்டிருக்கேன்."

எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, "ஏனாய்து, என்ன ஆச்சு, சாவி மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, சும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்ப வர்ற வரைக்கும் நான் இங்கயே நிற்கிறேன்" என்றேன் கதவைப் பார்த்து.

உள்ளே சத்தம் கேட்டது. முழங்கால் வலிக்காக டாக்டர் வீட்டுக்குள்ளேயே போடச் சொன்ன ரப்பர் ஸ்லிப்பர், பட் பட் என்று. அடுப்படியிலிருந்து கிளம்பி, என் ஆபீஸ் ரூமைச் சுற்றிக்கொண்டு. நான் எண்ண ஆரம்பித்தேன். தொழில் புத்தி.

இருபத்தாறு வர வேண்டும். பத்தொன்பதில் கதவு திறந்துவிட்டது.

நாற்பத்தைந்தரை அடியைப் பத்தொன்பதால் வகுத்துப் பாருங்கள். காலடிக்கு ஒன்றே முக்கால் இல்லை, ஏறக்குறைய இரண்டரை அடி. முழங்கால் வலிக்காரி அவள்.

அவள் முதலில் என் செருப்பைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "உள்ள வாங்க" என்றாள்.

இதை எழுதும்போது, பத்தொன்பது இல்லை, இருபத்தி நாலு என்கிறாள். பேனாவை மூடி வைத்துக்கொண்டு, திருத்தினால்தான் எழுதுவேன் என்கிறாள். நடந்தது வேண்டுமானால் அவளாக இருக்கட்டும். கதவுக்கு வெளியே நின்று எண்ணியவன் நான். பத்தொன்பதுதான்.